ஓடிடி, பாட்டு ஆப் எல்லாவற்றையும் நிறுத்தினால் என்ன மிஞ்சும்?

கேள்வி – 2025 பிப்ரவரி 2

வீட்டில் நான்கு ஓடிடி சந்தா ஓடுகிறது, பாட்டுக்கு ஒன்று தனி. வேலை முடிந்து உட்கார்ந்தால் எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மொத்தமாக நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் நிறுத்துகிறேன் என்று கிளம்பியவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். உண்மையிலேயே விட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பணம் மிச்சமாவதைத் தவிர வேறு என்ன கிடைக்கிறது?

பிப்ரவரி 3

நாங்கள் விட்டுவிட்டோம். வீடியோ, பாட்டு இரண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

பணத்தைத் தவிர என்ன என்று கேட்டதால் நேராக அதற்கே வருகிறேன். எதைப் பார்ப்பது, எப்போது எழுந்திருப்பது என்று முடிவு செய்யும் வேலை எங்கள் கைக்குத் திரும்பி வந்தது. கேட்க அற்பமாக இருக்கலாம். எனக்கு அதுதான் முழு விஷயமும்.

ஆப்பைத் திறந்ததும் என்ன நடக்கிறது என்று ஒரு ராத்திரி நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். மேலே பெரிதாக ஒரு படம் சத்தத்தோடு தானாக ஓட ஆரம்பிக்கும். அதிலிருந்து தப்பிக்கக் கீழே இறங்கினால் வரிசை வரிசையாக போஸ்டர்கள். ஒன்றின்மேல் ஒரு நொடி நின்றால் அதன் டிரெய்லர் ஓடும். என் மனைவி ரிமோட்டை வைத்திருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து "இது வேண்டாம், அதுவும் வேண்டாம்" என்பேன். கடைசியில் இரண்டு பேருக்கும் பிடித்தது எதுவும் ஓடாது. இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லாத ஏதோ ஒன்று ஓடும். எபிசோட் முடிந்து பெயர்கள் வரத் தொடங்குவதற்குள் மூலையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் இறங்கும். யாரும் எதையும் அழுத்தாததால் அடுத்தது ஓடும். அந்த ராத்திரி பார்க்கலாம் என்றும் நாங்கள் தீர்மானிக்கவில்லை, போதும் என்றும் தீர்மானிக்கவில்லை.

1997-இல் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் முதலில் தபாலில் டிவிடி அனுப்பும் நிறுவனம்தான். சந்தாதாரர் தனக்கு வேண்டிய படங்களை ஒரு பட்டியலாகப் போட்டு வைப்பார். பார்த்த டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினால் பட்டியலில் இருக்கும் அடுத்த படம் வரும். 2007-இல் ஸ்ட்ரீமிங் வந்தது. தபால் டிவிடி 2023 செப்டம்பரில்தான் கடைசியாக நின்றது. அந்தப் பட்டியலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒருவர் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார், களைத்துப்போன வேறொரு நாளில் அதைப் பார்க்கிறார். தேர்வுக்கும் பார்வைக்கும் நடுவே சில நாட்கள் இருந்தன. இப்போது களைத்த மனதுதான் தேர்வும் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் தூண்டுவதற்கென்றே வடிவமைத்த ஒரு திரைக்கு முன்னால்.

நாங்கள் அந்தப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஒரு நோட்டு. அதில் யார் சொல்லி எழுதினோம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

பிப்ரவரி 4

பணக் கணக்கையும் சொல்லலாமே என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லலாம், ஆனால் அதை முதல் காரணமாக வைத்து நிறுத்தினால் நிலைக்காது. ஒரு மாதச் சலுகை வந்ததும் கணக்கு மாறிவிடும்.

பணத்தைப் பற்றி எனக்கு இருக்கும் கோபம் வேறு. விளம்பரம் இல்லாமல் பார்க்கலாம் என்பதுதான் இந்தச் சேவைகளின் முதல் வாக்குறுதி. நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு வரும் சந்தாவைக் கொண்டுவந்தது. 2023-இல் வேறு வீட்டில் இருப்பவரோடு கடவுச்சொல்லைப் பகிர்வதைப் பல நாடுகளில் தடுத்தது. வாங்கும்போது என்ன சொன்னார்கள் என்பதற்கு இங்கே ஆயுள் இல்லை. மாதாமாதம் விதியை மாற்றும் உரிமை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 9

"சந்தா எடுத்துவிட்டால் எல்லாமே இருக்கிறதே, டிஸ்க் வாங்கி அடுக்க அலமாரி எதற்கு?" என்ற கேள்விக்கு.

எல்லாமே இல்லை. இருந்ததும் இருப்பதில்லை. வேறு யாரோ தயாரித்த படம் உரிம ஒப்பந்தம் முடிந்து போவது ஒரு ரகம், அது எல்லோருக்கும் பழகிவிட்டது. தாங்களே தயாரித்ததைத் தாங்களே தூக்குவது அடுத்த ரகம். எச்பிஓ மேக்ஸ் 2022 ஆகஸ்டில் டஜன் கணக்கில் தலைப்புகளை எடுத்தது. டிஸ்னி பிளஸ் 2023 மே மாதம் அதையே செய்தது. இரண்டிலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்புகளும் இருந்தன. காரணம் பணம்தான்: கணக்குப் புத்தகத்தில் அவற்றின் மதிப்பைக் குறைத்துக் காட்டலாம், தொடர்ந்து தர வேண்டிய ராயல்டியும் மிச்சம். அவற்றில் பலவற்றுக்கு டிஸ்க்கே வெளிவந்ததில்லை. எழுதியவர், நடித்தவர், இசையமைத்தவர் என்று அத்தனை பேரின் உழைப்பும் ஒரு காலாண்டுக் கணக்குக்காக மறைந்துபோகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தாங்கவில்லை.

"அப்படியென்றால் சந்தா வேண்டாம், டிஜிட்டலில் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று அடுத்து ஒருவர் சொல்வார். அதிலும் 'வாங்கு' என்ற பொத்தான் தருவது பெரும்பாலும் உரிமம்தான். 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை வாசகர்களின் கிண்டில் மின்னூல் கருவிகளிலிருந்தே அழித்தது. அமேசானில் அவற்றை விற்பனைக்குப் போட்டவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்குள் இருக்கும் புத்தகத்தைக் கடைக்காரர் தூரத்திலிருந்தே எடுக்க முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. உரிமம் மட்டும் தருவதாக இருந்தால் 'வாங்கு' என்ற சொல்லைப் போடும் இடத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சந்தாவுக்கு அது பொருந்தாது. சந்தாவில் எதுவும் சொந்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

டிஸ்க்குக்கும் காகிதப் புத்தகத்துக்கும் இருக்கும் உரிமை பழையது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே, முறையாக விற்றுவிட்ட புத்தகத்தின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. மறுவிற்பனை, இரவல், நன்கொடை எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-இல் மின்னூலுக்கு அப்படி மறுவிற்பனை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஒரே நாவல்தான். காகிதத்தில் இருந்தால் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம், கோப்பாக இருந்தால் என்னோடு முடிந்தது.

பிப்ரவரி 11

டிஸ்க்கும் சாகும் என்று மேலே எழுதியவருக்கு: ஆமாம், சாகும். சரியாக ஒட்டப்படாத டிஸ்க்கில் உலோகப் பூச்சு அரித்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வீட்டில் எழுதிய சிடி இன்னும் சீக்கிரம் போகும். ஹார்ட் டிஸ்க் போவதற்கு முன் சில நேரம் டிக், டிக் என்று சீராகத் தட்டும். பல நேரம் அந்த எச்சரிக்கைகூட இருக்காது.

கணினித் துறைக்காரர்கள் சொல்லும் 3-2-1 தான் வழி: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். எங்களுடைய மூன்றாவது பிரதி என் தங்கை வீட்டு மேசை டிராயரில் இருக்கிறது. அவளுடையது எங்கள் வீட்டில்.

சொந்த டிவிடியையே கணினியில் பிரதி எடுப்பது சில நாடுகளில் சரி. சில நாடுகளில் டிஸ்க்கின் பூட்டை உடைப்பதே குற்றம். அமெரிக்காவில் 1998-இன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 20

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகல்தான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

பெரிய நிறுவனங்கள் பத்திரமாக வைத்திருக்கும், நமக்கு எதற்கு அந்தக் கவலை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பிபிசி 1960-களிலும் 70-களிலும் தன் நிகழ்ச்சி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. நாடா விலை அதிகம், வைக்க இடமில்லை, மறுஒளிபரப்புக்கு வாய்ப்பும் குறைவு. 'டாக்டர் ஹூ' தொடரின் பல எபிசோடுகள் அப்படிப் போயின. பின்னால் கிடைத்தவற்றில் சில தனிப்பட்ட சேகரிப்பாளர்களிடமிருந்து வந்தவை. படம் கிடைக்காத எபிசோடுகளுக்குக்கூட ஒலி முழுக்க இருக்கிறது. காரணம், ஒளிபரப்பான நேரத்தில் சில ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1970-களின் இறுதியில் தொடங்கி 2012-இல் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருந்தார். ஏறக்குறைய 70,000 வீடியோ நாடாக்கள். பிறகு அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அவர் வேலை செய்தது எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை, தன் வீட்டில்.

இன்றைய ஓடிடி தொடரை அப்படி ஒரு ரசிகர் பதிந்து வைக்க முடியாதபடி பூட்டு இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து நிறுவனம் தொலைத்துவிட்டது என்றால், யார் வீட்டு அலமாரியிலிருந்து எடுப்பது?

மார்ச் 2

பாட்டுக்கு வருகிறேன். வீடியோவை விடுவது சுலபம், பாட்டுதான் கஷ்டம். படம் ராத்திரிக்கு மட்டும். பாட்டு நடக்கும்போது, வேலை செய்யும்போது, பயணத்தில் என்று நாள் முழுக்கக் கூடவே வருவது.

நான் பாட்டு ஆப்பை விட்டதற்கு உடனடிக் காரணம் ஒரு பிளேலிஸ்ட். 'வேலை நேரத்துக்கு' என்று அதுவாகவே போட்டுத் தரும். நல்ல பியானோ துண்டுகள். நாள் முழுக்க ஓடும். ஒருநாள் மகள் அறைக்குள் வந்து, "இது யாருப்பா வாசிக்கிறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் கேட்ட இசை, ஒரு பெயர்கூட மனதில் இல்லை. வாசித்தவருக்கு என் காதில் ஒரு முகமே கிடையாது.

அப்புறம்தான் பணம் எப்படிப் பிரிகிறது என்று படித்தேன். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் நான் கட்டும் சந்தா நான் கேட்ட கலைஞருக்கு நேராகப் போவதில்லை. எல்லோர் பணமும் ஒரே குளத்தில் விழுகிறது, மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்துப் பாட்டின் உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். மாதம் முழுவதும் நான் ஒரே ஒரு பாடகரை மட்டும் கேட்டாலும், என் பணத்தின் பெரும்பகுதி உலகமே கேட்கும் சில பெயர்களுக்குப் போய்ச் சேரும். ஒரு கேட்பு என்று கணக்கில் வர 30 விநாடி ஓட வேண்டும். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 1,000 கேட்பு இல்லாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை தன் பதிவு ராயல்டிக் குளத்திலிருந்து எதுவும் தருவதில்லை. நான் தேடிக் கண்டுபிடித்து நேசிக்கும் கலைஞர்கள் பலர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

இப்போது கோப்பாகவோ டிஸ்க்காகவோ வாங்குகிறேன், முடிந்தவரை கலைஞரிடமிருந்தே. பேண்ட்கேம்ப் மாதிரி இடங்களில் டிஜிட்டல் விற்பனையில் தளத்துக்கு 10 முதல் 15 சதவீதம், அதோடு பணப் பரிமாற்றக் கட்டணம். மீதி கலைஞர் பக்கம் போகிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று நேரத்தில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' எனப்படும் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது.

குறைவாகத்தான் வாங்க முடிகிறது. அதனால் ஒரே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மூன்றாவது தடவையில்தான் பின்னால் ஒரு வயலின் இருக்கிறது என்பதே காதில் விழும். முதலில் பிடிக்காத ஐந்தாவது பாட்டு கொஞ்ச நாளில் பிடித்த பாட்டாகிவிடும். ஆப்பில் இருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

மார்ச் 3

"ஸ்ட்ரீமிங்கில் சிடி தரமே கிடையாது, அதனால் விட்டேன்" என்று கீழே ஒருவர். அது சரியில்லை. ஆப்பிள் மியூசிக் 2021-இலிருந்து இழப்பில்லாத (சுருக்கும்போது ஒலியில் எதுவும் குறையாத) தரத்தில் தருகிறது, வேறு சிலவும் தருகின்றன. சிடி நொடிக்கு 1,411 கிலோபிட், ஸ்பாட்டிஃபையில் இழப்போடு சுருக்கிய வடிவத்தின் உச்சம் 320. சாதாரண ஹெட்போனில், பஸ் சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியாது.

வீடியோவில்தான் தெரிகிறது. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகமே நொடிக்கு 15 மெகாபிட். 4கே புளூ-ரே டிஸ்க் 128 வரை போகலாம். இருட்டுக் காட்சியில், புகையில், மழையில் பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் கறுப்பு கட்டம் கட்டமாக உடையும். டிஸ்க்கில் கறுப்பு கறுப்பாக இருக்கும்.

மார்ச் 16

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பார்வை இல்லை. திரையில் நடப்பதைக் குரலில் சொல்லும் ஒலி விவரணை ஓடிடியில்தான் அவருக்குத் தாராளமாகக் கிடைக்கிறது, டிவிடிக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிறார். நெட்ஃபிளிக்ஸ் 2015-இல் அதைத் தொடங்கியது.

என் அப்பாவுக்குக் காது மந்தம். அவர் கையிலிருக்கும் பழைய டிஸ்க்குகளில் பாதியில் சப்டைட்டில் கிடையாது. ஓடிடியில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டை வைத்துப் பார்த்தார். அவர் வீட்டுச் சந்தாவை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். வெளியே போக முடியாதவர்கள், தங்கள் மொழிப் படம் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், இவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே முதல் குறிப்பில் சொன்னதை இன்னும் கறாராகச் சொல்கிறேன். என் சண்டை இணையம் வழியாகப் படம் வருவதோடு இல்லை. எதைப் பார்ப்பது, எத்தனை நேரம் பார்ப்பது என்பதை என்னைக் கேட்காமல் தீர்மானிக்கும் அந்த அமைப்போடுதான். அப்பா தேடுபெட்டியில் படத்தின் பெயரைத் தட்டி, அதைப் பார்த்து முடித்து, டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார். அவர் எதையும் விட வேண்டியதில்லை.

ஏப்ரல் 6

ஜெல்லிஃபின் எப்படி நிறுவுவது என்று மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். 2018-இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவசத் திறமூல மென்பொருள் அது. ஒரு பழைய கணினியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் போதும். உங்களிடம் இருக்கும் கோப்புகளை போஸ்டரோடு வரிசைப்படுத்தி டிவியில் காட்டும். நிறுவும் முறையைத் தனி இழையில் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. என் நண்பர் ஒருவர் இதில் இறங்கினார். இப்போது அவரிடம் ஒரு ஆயுளில் பார்த்து முடிக்க முடியாத அளவுக்குப் படம் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போனபோது பெரிய திரையில் அதே வரிசை, அதே போஸ்டர், அதே நகர்த்தல். எதைப் பார்க்கலாம் என்று தேடித் தேடி, கடைசியில் சேகரிப்பைச் சுற்றிக் காட்டிவிட்டு அணைத்தார். அவர் நல்ல ரசிகர், முன்பு ஒரு படத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். இப்போது பேச்செல்லாம் ஹார்ட் டிஸ்க் கொள்ளளவைப் பற்றித்தான். எனக்கு வருத்தமாக இருந்தது.

சொந்தமாக்குவதால் மட்டும் எதுவும் மாறாது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: அலமாரியில் பார்க்காத டிஸ்க் ஒரு கைக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் வாங்குவதில்லை. ஜெல்லிஃபினில் 'அடுத்த எபிசோடைத் தானாக ஓட்டு' என்ற தேர்வும் இருக்கிறது. முதல் வேலையாக அதை அணைத்தேன்.

ஏப்ரல் 7

"டோரண்ட் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்டவருக்கு. பாட்டுக்காரருக்குப் பணம் சரியாகப் போகவில்லை என்று போன மாதம் அவ்வளவு எழுதிவிட்டு, ஒன்றுமே போகாத வழியை நான் எப்படிச் சொல்வது? வேண்டாம்.

மே 11

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்குப் பதினான்கு வயது. நிறுத்துகிறோம் என்றபோது சண்டை போட்டாள், நியாயமாகத்தான் போட்டாள். பள்ளியில் எல்லோரும் ஒரே தொடரைப் பேசும்போது அவள் மட்டும் வெளியே நிற்க வேண்டும். தோழி வீட்டில் சேர்ந்து பார்க்க ஏற்பாடு ஆனது. அது எதிர்பாராத நன்மையாக முடிந்தது.

வீட்டில் ஒரு தொடரை டிஸ்க்கில் வாங்கி, ஞாயிறுக்கு ஒரு எபிசோட் என்று வைத்தோம். முதல் வாரம் முடிந்ததும் ரிமோட்டை எடுத்து "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள். மறுத்தோம். அந்த வாரம் முழுக்க அவளிடமிருந்து ஊகம்தான். யார் பொய் சொல்கிறார்கள், கதவைத் திறந்து வைத்தது யார், அந்தக் கடிதம் ஏன் எரியவில்லை. புதன்கிழமை பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு ஓடிவந்து, "அம்மாதான் கடிதத்தை மாத்தியிருக்காங்க!" என்றாள். ஞாயிறு வந்தது, ஊகம் தப்பு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரே மூச்சில் பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தை அவள் கவனித்திருக்கவே மாட்டாள்.

முழு சீசனையும் ஒரே நாளில் வெளியிடுவது 2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரோடு பெரிதாகப் பரவியது. 2017-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே தொடரைச் சிலருக்கு ஒரே மூச்சில், சிலருக்குத் தினமும், சிலருக்கு வாரந்தோறும் காட்டிப் பார்த்தார்கள். ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குக் கதை நினைவு மறுநாள் நன்றாகவே இருந்தது, ஆனால் வேகமாகக் கரைந்தது. ரசித்ததும் மற்றவர்களைவிடக் குறைவு என்று அவர்களே சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். இருந்தாலும் எங்கள் வீட்டில் நடப்பதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

மே 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாம் சுகம்தானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கஷ்டமான பகுதியை இன்னும் சொல்லவில்லை.

ஓடிடியை விட்டதும் காலியான நேரத்துக்குள் போன் வந்து உட்கார்ந்தது. குறும்படம் அளவுக்குக்கூட இல்லாத துண்டு வீடியோக்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு எபிசோடுக்காவது முடிவு என்று ஒன்று உண்டு. இவற்றுக்கு அதுவும் இல்லை. பக்கத்துக்கு முடிவே வராமல் நீளும் அந்த வடிவமைப்பை 2006-இல் உருவாக்கியவர் அசா ராஸ்கின். அதைச் செய்ததற்காக வருந்துவதாக அவரே பிற்பாடு பொதுவெளியில் சொன்னார். நெட்ஃபிளிக்ஸின் அன்றைய தலைமை அதிகாரி ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் தங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்று பெருமையாகவே பேசினார். தூக்கத்தைப் போட்டியாக நினைக்கிறவரிடம் நம் ராத்திரியைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

யூடியூபை முழுக்க விட முடியவில்லை. குழாய் பழுதுபார்ப்பதிலிருந்து கணக்குப் பாடம்வரை அதில்தான் கற்கிறோம். ஆனால் பார்த்த வரலாற்றை அணைத்து, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரை வராது. 2023 ஆகஸ்டிலிருந்து அப்படி இருக்கிறது. வெறும் தேடுபெட்டி மட்டும் நிற்கும். திறந்ததும் முதல் நாள் ஏதோ ஆப் பழுதாகிவிட்டது போலிருந்தது. என்ன வேண்டும் என்று அது என்னைக் கேட்கிறது, எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான்.

பிடித்த சேனல்களை ஆர்எஸ்எஸ் (RSS, ஒரு தளத்தில் புதிதாக வருவதை நமக்குப் பட்டியலாகத் தரும் இணைய வசதி) வழியாகப் பின்தொடர்கிறேன். யூடியூப் சேனல்களுக்கு இன்றும் ஆர்எஸ்எஸ் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. பாட்காஸ்ட்டும் பெரும்பாலும் அதே வழியில்தான் இயங்குகிறது, அதனால்தான் எந்த ஆப்பில் வேண்டுமானாலும் கேட்க முடிகிறது. புதிதாக வந்தவை தேதி வரிசையில் இருக்கும். தீர்ந்தால் தீர்ந்தது. ஒரு பட்டியல் தீர்ந்துபோவது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் 22

நூலகத்தைப் பற்றி யாருமே எழுதவில்லையே? பல ஊர் நூலகங்களில் டிவிடியும் சிடியும் இரவல் தருகிறார்கள். சில நாடுகளில் நூலக அட்டை இருந்தால் கேனோப்பி, ஹூப்ளா போன்றவற்றில் படமும், லிப்பியில் மின்னூலும் ஒலிநூலும் பார்க்கலாம், கேட்கலாம். அவையும் இணையம் வழியாக வருபவைதான், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மாதத்துக்கு இத்தனைதான் என்று பல நூலகங்கள் வரம்பு வைக்கின்றன. வரம்பு இருப்பதால் யோசித்துத்தான் எடுக்கிறோம்.

இரவல் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் டிஸ்க் வாங்கிப்போன ஒருவர் திருப்பித் தரும்போது உள்ளே ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தார்: "ரயில் நிலையக் காட்சியை என் அம்மா மூன்று முறை பார்த்தார்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. கீழே அவர் பரிந்துரைக்கும் இரண்டு படங்களின் பெயர். ஒன்று எங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதை அவரிடமே சொன்னோம், அரைமணி நேரம் வாதம். மற்றது இந்த வருஷம் நாங்கள் பார்த்ததிலேயே நல்ல படம். ஒரு இயந்திரத்தின் பரிந்துரை பிடிக்கவில்லை என்றால் யாரிடம் போய் வாதம் செய்வது? கட்டைவிரலைக் கீழே காட்டலாம், அதோடு சரி.

ஆகஸ்ட் 3

முதல் குறிப்பில் விதிவிலக்கு என்று சொன்னது என்ன என்று விடாமல் கேட்கிறீர்கள். இதுதான்: வருஷத்தில் ஒன்றிரண்டு முறை, டிஸ்க்கில் வராத, உண்மையிலேயே பார்க்க விரும்புகிற ஏதாவது ஒன்று ஓடிடியில் இருக்கும். அதற்கு ஒரு மாதம் மட்டும் சேர்கிறோம். பணம் கட்டிய அதே நிமிடம் சந்தாவை ரத்து செய்துவிடுவோம். பெரும்பாலான சேவைகளில் ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். சேரும் முன் அந்த விதியை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் சலுகைக் காலத்தில் ரத்து செய்தால் உடனே நின்றுவிடும்.

உள்ளே போனதும் அமைப்புகளில் இரண்டை அணைக்க வேண்டும். அடுத்த எபிசோட் தானாக ஓடுவது ஒன்று, முன்னோட்டம் தானாக ஓடுவது இன்னொன்று. நெட்ஃபிளிக்ஸில் இரண்டாவதை அணைக்கும் வசதி 2020-இல்தான் வந்தது. சில ஆப்களில் இது டிவியில் இருக்காது, இணையதளத்தில் கணக்குப் பக்கத்துக்குள் போய்த் தேட வேண்டும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கலாம்.

மகள் காத்திருந்த தொடரின் கடைசி சீசன் செப்டம்பரில் முழுதாக வந்துவிடும். அக்டோபரில் சேர்கிறோம். ஞாயிறுக்கு ஒன்று என்றால் ஒரு மாதத்துக்குள் முடியாது என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டி, வாரத்துக்கு இரண்டு என்று பேரம் பேசி வாங்கிவிட்டாள். நோட்டில் அந்தப் பக்கத்தில் 'யார் சொல்லி' என்ற இடத்தில் தன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.